எட்மண்ட் வீட்டுச் சுவரில் ஒரு நீலக்கோடு

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். முடிச்சூர்ப் பக்கம் எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கம் மலர் போடுகிறது. செயலாளர் உமேஷ் என்னைப் பால் வாங்கும் இடத்தில் மடக்கி, "சார், நம்ம ஏரியா ஹிஸ்டரி, வரலாற்றுச் சின்னம்னு ஒரு நாலு பக்கம் குடுங்க" என்றார். கதை எழுதுகிறவனிடம் வரலாறு கேட்கிறோமே என்ற பயம் அவருக்குத் துளியும் இல்லை.

முதல் தொடக்கம்: "மன்னர் காலந்தொட்டே இப்பகுதி..." (எந்த மன்னர்? அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ஏரிக்கரையில் கம்பீரமாக நிற்கும் பழைய மதகு..." (நிற்பது பர்னிச்சர் கடை. மதகு அதற்கு அடியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். சோபாக்களை நகர்த்திப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை.)

மூன்றாம் தொடக்கம்: "கண்ணுக்கெட்டிய தூரம் வயல்..." (அது இப்போது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர்.)

ஆக, மிஞ்சியது ஒரே சின்னம். எட்மண்ட் வீட்டு முன்சுவரில் இருக்கும் நீலக்கோடு. 2015 வெள்ளம் ஏறிய அளவு.

2

எட்மண்ட் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். அந்தக் கோடு அவர் தலைக்கும் மேலே இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் தெருவில் நின்று அண்ணாந்து காட்டுவார்.

"தண்ணி அங்க இருந்துச்சு. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். எதிர் வீட்டு காஜா பாய் நீந்தி வந்து என்னைக் காப்பாத்தினார்."

(காஜாவுக்கு நீச்சல் தெரியாது. இதை இந்த இடத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.)

அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு கிரானைட் பலகை வைப்பதாகச் சங்கம் தீர்மானம் போட்டது. பலகையில் எட்மண்டின் பெயரும் உண்டு. வேலை பார்த்த காலத்தில் மேஜையில்கூடப் பெயர்ப் பலகை வைத்துக்கொள்ளக் கிடைக்காத மனிதர் அவர். இப்போது பெயர் கல்லிலேயே வரப்போகிறது. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

3

(இது அடிக்குறிப்பாக வர வேண்டியது. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் மேலே ஏற்றிவிட்டேன். எங்கள் பகுதியில் எல்லாவற்றையும் மேலே ஏற்றுவதுதான் வழக்கம்.)

வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருவில் வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அஸ்திவாரத்தை அறுத்து, அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வீட்டை முழுசாக மேலே கொண்டுபோவார்கள். எட்மண்டும் தூக்கினார். வீட்டோடு சுவர் ஏறியது. சுவரோடு கோடும் ஏறியது. கோடு ஏற ஏற அவர் கதையும் ஏறியது. அவர் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அண்ணாந்து அண்ணாந்து பார்த்து அவரே நம்பிவிட்டார்.

காஜா வீட்டைத் தூக்கவில்லை. அங்கேயும் எட்மண்ட் தன் கையாலேயே, தன் சுவரில் போட்ட அதே நாளில், அதே பெயிண்ட் டப்பாவில் இருந்து கோடு போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் வீதியில் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே வந்ததில், அந்தக் கோடு இப்போது முழங்காலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதன் முன்னால் பரிதா துளசித் தொட்டி அளவுக்கு ஒரு

(பரிதா காஜாவின் மனைவி. அவர் வைத்திருப்பது கற்றாழைத் தொட்டி. எழுதும் வேகத்தில் கை தானாகத் துளசியை நட்டுவிட்டது.)

4

ஞாயிற்றுக்கிழமை. பலகை தயார். "2015 டிசம்பரில் இவ்விடத்தில் ஏறிய வெள்ளம்" என்று செதுக்கி, அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அளந்த பிறகு பெயிண்டால் எழுதிக்கொள்ளலாம் என்பது உமேஷின் ஏற்பாடு. அளப்பதற்குக் காட்டாங்குளத்தூரில் வரலாறு படிக்கும் சின்மயி டேப்போடு வந்தாள். எட்மண்ட் வீட்டுச் சுவரை அளந்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, கற்றாழையை நகர்த்திவிட்டு எதிர்ச் சுவரையும் அளந்தாள்.

"அங்கிள், தண்ணி மட்டமாத்தானே நிக்கும்?"

அந்தக் கணத்தில்தான் எட்மண்டுக்கு எல்லாம் திரும்பி வந்தது. தண்ணீர் இடுப்பளவுதான். ஏரியில் இருந்து முதலை வந்துவிட்டதாக யாரோ கிளப்பிய புரளியைக் கேட்டு அவர் வாசற்படியை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதார். குள்ளமான காஜா அவரை முதுகில் சுமந்தார். உயரமான எட்மண்டின் கால்கள் ரோட்டில் இடித்துக்கொண்டே போயின. ஒவ்வொரு இடிக்கும் அவர் "முதலை, முதலை" என்று கத்தினார். அவருக்கு இப்போது காது மடல் வரை சூடேறியது.

காஜா முன்னால் வந்தார். "எங்க வூட்டு கோடு தப்பும்மா. அதப் போட்டவன் குள்ளம், சரியா கண்ணும் தெரியாது."

எல்லோரும் எட்மண்டை அண்ணாந்து பார்த்தார்கள். கோடு போட்டது யார் என்று தெருவுக்கே தெரியும்.

5

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் எட்மண்ட் உண்மையைச் சொல்லி, எல்லோரும் கைதட்டுகிறார்கள். (எங்கள் தெருவில் அப்படிக் கைதட்ட மாட்டார்கள்.)

இரண்டாவதில் மழை வந்து எல்லோரும் கலைகிறார்கள். (சோம்பேறித்தனம்.)

மூன்றாவதில் நிஜமாகவே ஒரு முதலை

(வேண்டாம்.)

நடந்ததைச் சொல்கிறேன். நான் காஜாவைத் தனியாக இழுத்து, இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"அவர் பயந்துகினு இருந்தாரு சார். என் தோள்ல அப்பிடி நடுங்கினாரு. அவருக்கு அன்னிக்கு அவ்ளோ தண்ணி இருந்திச்சு. இதுல நான் இன்னா சொல்றது?"

இதற்குள் உமேஷ் பெயிண்ட் பிரஷை எட்மண்டிடம் நீட்டிவிட்டார். எட்மண்ட் அதை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீங்க எழுதுங்க சார். நீங்க எழுதினா கதைன்னு விட்டுடுவாங்க."

எனக்குக் கை வரவில்லை. சின்மயியின் டேப்பும் சரி, காஜாவின் தோளும் சரி. இரண்டையும் எழுத அந்தக் கல்லில் இடம் இல்லை. அதனால் பிரஷ் இப்போது உங்கள் கையில்.

அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். பெயிண்ட் சொட்டுகிறது, வெயில் ஏறுகிறது, எட்மண்ட் பலகையின் பக்கமே திரும்பவில்லை. தெருவைக் கடந்து போய் காஜாவின் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.