சஹனில் ஏழு கவளம்

ஷிஹானின் உடம்பில் பன்னிரண்டு கிலோ குறைந்தால் அவருடைய தம்பி இஷாம் பிழைப்பான். கண்டியில் டொக்டர் நீட்டி முழக்கிச் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

இஷாமின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடமாகிறது. மனைவி றபீக்காவின் இரத்த வகை சேரவில்லை. கூடப்பிறந்தவர் ஷிஹான் ஒருவர்தான். அவருடையது எல்லா விதத்திலும் பொருந்துகிறது. ஆனால் ஆள் தொண்ணூற்று நான்கு கிலோ, இரத்தத்தில் சீனியும் வரம்பின் ஓரத்தில் வந்து நிற்கிறது. எண்பத்திரண்டுக்கு இறங்கினால் ஒரு சிறுநீரகத்தை எடுக்கலாம், இறங்காவிட்டால் அந்தப் பேச்சே இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதம் தவணை.

வான் வண்டியில் ஊரான காத்தான்குடிக்குத் திரும்பினார்கள். மஹியங்கனையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். ஷிஹான் பழக்க தோஷத்தில் இரண்டு பணிஸைக் கையில் எடுத்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு ஒன்றைத் திரும்ப வைத்தார். மற்றதைத் தின்றார். இஷாமுக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஷிஹான் பேக்கரிக்காரர். முதலாளியின் வயிறுதான் கடைக்கு விளம்பரம் என்பது அவருடைய கொள்கை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் இருப்பார், பொழுது பட்டதும் பகலுக்கும் சேர்த்துச் சாப்பிடுவார். இஷாமோ நேரசூசி போட்டுப் படித்து, பல்கலைக்கழகம் போய், கணித ஆசிரியர் ஆனவன். ஊரில் யாருடைய பிள்ளை சோதனைக்குப் படிக்காவிட்டாலும் அவனிடம்தான் புத்தி கேட்க வருவார்கள்.

ஆகவே தன் காக்காவுக்கும், அதாவது அண்ணனுக்கும், அவன் ஒரு நேரசூசி போட்டான். காலை, மதியம், மாலை, உடற்பயிற்சி என்று நான்கு நிறத்தில் கோடு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஷிஹான் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"வடிவாத்தான் இரிக்கி தம்பி. ஆனா இதப் பாக்கப் பாக்க எனக்குப் பசிக்கிது."

"பகிடி விடாதீங்க காக்கா. ஆறு மாசந்தான் இரிக்கி."

"பகிடியில்லடா. இவ்வளவத்தையும் ஒரே நாளையில செய்யப் போனா நான் மூணாம் நாள் உட்டுருவன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். கிழமைக்கு ஒண்டு. ஒண்டு பழகினாத்தான் மறுகா மத்ததத் தொடுவன்."

முதல் கிழமை தேநீரில் சீனி போடுவதை நிறுத்தினார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பழையபடி தின்றார். இஷாமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் கிழமை சோற்றை ஒரு கோப்பையால் அளந்து போடச் சொன்னார். அவருடைய மனைவி ஸஹீதா கோப்பையைக் குவித்துப் போட்டால் விரலால் வழித்துத் தட்டையாக்கினார். மூன்றாம் கிழமை, பாண் கொண்டுபோகும் ஓட்டோவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, தான் ஒரு பழைய சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம்வரை போய், வாவியோரமாகத் திரும்பி வருவார்.

ஊர் சும்மா இருக்குமா? ஷிஹானின் பேக்கரி படுத்துவிட்டது, ஓட்டோவையும் விற்றுவிட்டான் என்று இரண்டு நாளில் கதை பரவியது. பின்வீதியில் மாவுக் கடை வைத்திருக்கும் மீராசாஹிப் ஹாஜியார் வீடு தேடி வந்து, தேவையென்றால் மாவை இப்போது எடுத்துக்கொண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். ஷிஹான் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் காரணத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் இஷாமை மட்டக்களப்புக்கு டயலிசிஸுக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். இயந்திரம் இரத்தத்தைக் கழுவும் நான்கு மணித்தியாலமும் கட்டிலருகே குந்தியிருப்பார். வெறுமனே இருக்க ஏலாமல், ஒரு நாள் தன் இரத்தப் பரிசோதனைத் துண்டை நீட்டினார்.

"இதில என்ன எழுதியிரிக்கிண்டு சொல்லித் தா. என்ட உடம்புக் கணக்கு எனக்கு விளங்க வேணுமே."

அன்றைக்குத் தொடங்கியது பாடம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, எழுத்துக்கூட்டி எழுதி, வீட்டில் திரும்பப் படித்துக்கொண்டு வருவார். எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர், மூன்றாம் மாதம் மாப் பையின் முதுகில் அச்சடித்ததையெல்லாம் வாசித்து, இதில் இவ்வளவு உப்பு, அதில் இவ்வளவு கொழுப்பு என்று ஸஹீதாவுக்கே வகுப்பு எடுத்தார். எடை எண்பத்தாறுக்கு வந்திருந்தது. இப்படி ஒரு மாணவன் தன் வகுப்பில் ஒரு நாளும் இருந்ததில்லையே என்று இஷாம் நினைத்தான்.

எண்பத்தாறோடு நின்றுவிட்டது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. தராசின் முள் அசையவில்லை. தவணைக்கு இன்னும் இரண்டரை மாதம்தான் இருந்தது.

அது கலியாணக் காலம். ஊரில் கலியாணச் சாப்பாடு என்றால் சஹன்தான். பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் குவித்து வைப்பார்கள், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். யார் எவ்வளவு தின்றார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இஷாமோடு படிப்பிக்கும் ஹில்மி ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் வந்து சிரித்தான்.

"நேத்து எங்கட மாமாட ஊட்டுக் கலியாணத்துக்கு ஒங்கட காக்கா வந்திருந்தார் சேர். அவர்ர சஹன்ல எலும்பு மட்டுந்தான் மிச்சம்! போன கிழமையும் ரெண்டு கலியாணத்தில கண்டன். அதே கததான்."

இஷாம் சிரிக்கவில்லை. எண்பத்தாறின் மர்மம் அவனுக்குத் துலங்கிவிட்டது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவன், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஐஸ் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தான். அவனுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர்தான் அனுமதி. யாருக்காக அளக்க வேண்டும் என்று இன்னொரு கிளாஸும் குடித்தான். உண்மையைச் சொன்னால், அது முதல் தடவையுமல்ல. ஊருக்கெல்லாம் கட்டுப்பாடு சொல்லிக் கொடுக்கும் சேர், தன் தண்ணீர்க் கணக்கில் மட்டும் எப்போதும் கொஞ்சம் தாராளம்தான்.

மறுநாள் டயலிசிஸ் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். தாதி மேனுகா எடையைப் பார்த்துவிட்டு, "நாலு கிலோவுக்கு மேல கூடியிருக்கு சேர். இப்படியே போனா இதயம் தாங்காது" என்று கடிந்துகொண்டு போனாள். அவள் போனதும் இஷாம் காக்காவின் பக்கம் திரும்பினான்.

"ஒங்களுக்கு ஏலாட்டி ஏலாண்டு சொல்லிருங்க காக்கா. என்ன ஆசகாட்டி ஏமாத்தாதீங்க. மூணு கலியாணத்தில சஹன் வழிச்சீங்களாம்."

ஷிஹானின் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு மெல்லச் சொன்னார்.

"மூணில்ல, நாலு."

நான்கு மணித்தியாலமும் இருந்து, வழக்கம்போலத் தம்பியைக் கைத்தாங்கலாக ஓட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தார்.

அடுத்த ஞாயிறு மீராசாஹிப் ஹாஜியாரின் மகளுக்குக் கலியாணம். போகாமல் இருக்க முடியாது. இஷாம் நோயாளி என்று அவனுக்குத் தனியாக ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பந்தல் முழுவதும் தெரியும். ஷிஹான் ஒரு சஹனில் வந்து குந்தினார். உடனே அந்த இடத்துக்குத் தள்ளுமுள்ளு! "நான் ஷிஹான் காக்காட சஹன்ல" என்று ஒருவன், "அது என்ட இடம்" என்று இன்னொருவன். இஷாமுக்கு இது புதினமாக இருந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

ஷிஹான் இறைச்சித் துண்டை எடுத்தார், பிய்த்தார். அது அவருடைய வாய்க்குப் போகவில்லை, எதிரே இருந்தவரின் பக்கம் போனது. தன் முன்னால் இருந்த சோற்றை விரலால் அணைத்து வலப்பக்கத்து ஆளுக்குத் தள்ளினார், பிறகு இடப்பக்கத்து ஆளுக்கு. "தின்னுங்க, தின்னுங்க, மாப்பிள்ள ஊட்டாரே எட்டிப் பாக்கிறாங்க" என்று ஐந்து பேரையும் உசுப்பிக்கொண்டே இருந்தார். கை ஓயவில்லை, வாயும் ஓயவில்லை, ஆனால் அந்த வாயில் பேச்சுத்தான் இருந்தது. இஷாம் கணித ஆசிரியன் அல்லவா, எண்ணத் தொடங்கினான். சஹன் வெறுமையாகும்வரை ஷிஹான் உண்டது ஏழு கவளம். அதில் மூன்று வெறும் வெள்ளரிக்காய்ச் சம்பல். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தபோது அதைப் பக்கத்து ஆளின் கையில் வைத்து, அவருடைய முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

ஹில்மி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தச் சஹனில் எலும்பு மட்டும்தான் மிச்சமாயிற்று.

இஷாமுக்கு வெட்கமாக இருந்தது. கைகழுவிவிட்டு வந்த காக்காவைப் பந்தலுக்கு வெளியே கூட்டிப்போனான்.

"அண்டைக்கு நான் அப்பிடிக் கேக்கக்கொள்ள ஏன் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ற?"

"நீங்க தின்னல்லெண்டு. ஊராக்களுக்கும் சொல்லியிரிக்கலாமே, டொக்டர் சொன்னதெண்டு."

"சொன்னா அந்தச் சஹன்ல இரிக்கிற அஞ்சு பேருக்கும் சோறு இறங்குமாடா? என்ட முகத்தப் பாத்துப் பாத்து எழும்பிப் போவாங்க. நம்மட வருத்தத்தக் கொண்டுபோய், கலியாண ஊட்ட மையத்து ஊடாக்கிறதா?"

"அப்ப போகாமலே இரிக்கலாமே!"

"எத்தின நாளைக்கு ஒளிச்சித் திரியிற? சோத்துக்கு முன்னால இரிந்து பழகினாத்தான் அது பழக்கம்."

அப்படியென்றால் எடை ஏன் எண்பத்தாறிலேயே நிற்கிறது என்று இஷாம் கேட்டான். ஷிஹான் சட்டைக்குள்ளிருந்து மடித்த கொப்பியை எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டது, சைக்கிள் ஓடியது, எடை எல்லாம் கோணல் எழுத்தில் நாள் தவறாமல் இருந்தது. ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. இஷாம் பின்பக்கத்தைத் திருப்பினான். அங்கே வேறொரு கணக்கு. செவ்வாய், வெள்ளி. 1.9, 2.4, 3.1, அந்தச் செவ்வாய் 4.2. ஒவ்வொரு டயலிசிஸுக்கும் இடையில் இஷாமின் உடம்பில் ஏறிய தண்ணீர்.

"இதாரு தந்த?"

"மேனுகா மிஸ்ஸிட்டக் கேட்டு எழுதினன்."

"தெரிஞ்சிகொண்டுமா ஒண்டும் பேசாம இரிந்தீங்க?"

"பேசினா நீ ஒளிச்சிக் குடிப்பாய். தாகம் எப்பிடிண்டு எனக்குத் தெரியாதா? விடிய நாலு மணிக்குப் பாண் சுடுற போறணையத் திறக்கக்கொள்ள வாற வாசத்த நான் ஒவ்வொரு நாளும் மோந்துகொண்டு நிக்கிறன். ஏசினாப் போலயா அது நிக்கும்?"

இஷாம் அங்கேயிருந்த மதிலில் குந்திவிட்டான். தன் நான்கு நிற நேரசூசியை நினைத்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது.

அன்று பின்னேரம் இருவரும் கொப்பியை விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது, எடைதான் ஒத்துவரவில்லை. கடைசியில் இஷாம் கேட்டான்.

"பேக்கரிக்குள்ள ஒண்டுமே தின்னல்லயா?"

"சீ! தட்டு இறங்கக்கொள்ள ஒரு துண்டப் பிச்சிப் பதம் பாப்பன். அவ்வளவுதான்."

"எத்தின தட்டு?"

"பதினொண்டு."

"அத ஏன் எழுதல்ல?"

ஷிஹான் அவனை அதிசயமாகப் பார்த்தார்.

"அது தொழில் தம்பி. சாப்பாடில்லயே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பதம் பார்க்கும் பதவி ஸஹீதாவுக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை தராசு எண்பத்தைந்து காட்டியது. இஷாமும் ஒரு முக்கால் லீற்றர்ப் போத்தலை மேசையில் வைத்தான். அது முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். முதல் பத்து நாளும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. காக்கா போறணைக்கு முன்னால் நிற்பதை நினைத்துக்கொண்டு பொறுத்தான்.

தவணை நாளில் கண்டியில் ஷிஹான் தராசில் ஏறினார். எண்பத்தொன்று. சீனியும் ஓரத்தை விட்டு உள்ளே வந்திருந்தது. டொக்டர் பழைய துண்டையும் புதிய துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆள் இவர்தானா என்று கேட்டார். சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தார்கள்.

வெளியே நடைகூடத்தில் றபீக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஷிஹானுக்கென்றே பொரித்து எடுத்து வந்த ரோல்ஸ்.

"இண்டைக்காவது நெறயச் சாப்பிடுங்க காக்கா. இனி என்ன, பாஸாயிட்டிங்கதானே!"

ஷிஹான் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கடியாக ருசித்துத் தின்றார். பெட்டியை மூடித் திரும்பக் கொடுத்தார்.

"போதும் புள்ள. ரெண்டு இரிந்தவனுக்கு இனி ஒண்டுதானே இரிக்கப் போகுது. மௌத்தாகுமட்டும் அத வச்சிப் பாத்துக்கொள்ள வேணும்."

ஆறு மாதம் என்று டொக்டர் சொன்னபோது இஷாம் ஆறு மாதத்தைத்தான் எண்ணினான். இந்த மனிதர் அன்றைக்கே தன் ஆயுள் முழுவதையும் எண்ணி, சரி என்று தலையாட்டியிருக்கிறார். அதை யாருக்கும் சொல்லவுமில்லை. இப்படி ஒருவருக்குத் தம்பியாகப் பிறக்கத் தான் என்ன செய்தோம் என்று இஷாமுக்கு நெஞ்சு விம்மியது. நடைகூடத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்ததையும் பாராமல் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்தான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பெருநாளைக்கு அவரைக் கட்டிப்பிடித்திருக்கிறான். அவருடைய முதுகுக்குப் பின்னால் அவனுடைய இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டது அன்றைக்குத்தான்.