ரெட்டை உடம்புப் பனியன்

"ஏம்மா, ரெண்டு உடம்பு இருக்கு, கை ரெண்டுதான் இருக்கு. ரெண்டு உடம்பையும் ஒண்ணாச் சேத்துத் தச்சுட்டா என்ன?"

தனுஷ் இதைக் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயது. ராயபுரத்தில் ஞானசம்பந்தத்தின் பனியன் கம்பெனியில், வெட்டிய துணிக் குவியல் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா ஒச்சம்மாள் அங்கே ஹெல்பர். குழாய் போலப் பின்னி வரும் துணியைக் குறுக்கே வெட்டினால் அதுவே பனியனின் உடம்பு. ஓர் உடம்பு, இரண்டு கை என்று சேர்த்துச் சேர்த்து டெய்லரிடம் கொடுப்பது அவள் வேலை. அன்று கடைசியில் கைகள் குறைந்து, ஓர் உடம்பு மிச்சமாக நின்றது.

"ரெட்டை உடம்புப் பனியனை எவன்டா போடுவான்? நானும் உங்கப்பனும் சேந்து மாட்டிக்கிட்டு ஊர்வலம் போகவா?" என்றாள் ஒச்சம்மாள். டெய்லர்கள் மெஷின்களை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். "அது பனியனே இல்லடா. கட்டிங்ல போயி இன்னொரு சோடி கை வாங்கியா. ரெண்டு பனியனா ஆயிரும்."

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி தனுஷின் அக்கா நதியா. இன்னொருத்தி முதலாளியின் மகள் அனுப்ரியா. இருவரும் ஒரே வகுப்பு. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவர்களுக்குள் அது ஒரு வேடிக்கையாகவே இருந்தது. ஒட்டிப் பிறந்த கத்தரிக்காயைக் கண்டாலும், ஒரே குடைக்குள் நெருக்கிக்கொண்டு போகிறவர்களைக் கண்டாலும், "ரெட்டை உடம்பு" என்று கிள்ளிக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்பு வந்தபோது அந்தச் சிரிப்பு நின்று போயிருந்தது. அவ்வளவுதான், சண்டை என்று ஒன்றும் இல்லை. உயர வரிசைப்படி உட்கார வைத்ததில் ஒரே பெஞ்சு. நடுவில் பை.

அந்த வருஷம் ஆடி மாதம் நடந்த அறிவியல் தேர்வில் பொட்டாசியத்தின் குறியீட்டை K என்று எழுதாமல் P என்று எழுதிவிட்டாள் நதியா. அனுப்ரியாவின் தாளிலும் P. இருவர் தாளிலும் அதே இடத்தில் அதே தவறு. அறிவியல் ஆசிரியர் ரத்தினசாமி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "யாரு யாரைப் பாத்து எழுதினது? எந்திரிங்க" என்றார்.

அனுப்ரியா முதலில் எழுந்தாள். "நதியாதானுங்க சார் என்னுதப் பாத்து எழுதினா."

நதியாவும் எழுந்து நின்றாள். கண் முழுக்க நீர் நின்றது. ஆசிரியர் அந்தக் கண்ணீரைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, அவள் தாளில் சிவப்பு மையால் பெரிய சுழி ஒன்று போட்டார். பீரியட் முடியும்வரை கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். அடுத்த நாளே அவளுக்குப் பெயர் வந்துவிட்டது: கார்பன் பேப்பர். "ஏ கார்பன், நேத்து வீட்டுப்பாடம் யாரை வெச்சு எழுதினே?" என்று பின்பெஞ்சிலிருந்து கேட்பார்கள். அனுப்ரியா அதற்குச் சிரிக்கமாட்டாள். ஆனால் தடுக்கவும் மாட்டாள்.

வீட்டில் சொன்னபோது ஒச்சம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "அவுக கம்பெனியிலதாண்டி நம்ம பொழப்பு. சாருகிட்டப் போயி மொதலாளி மகளைச் சொல்லுவியா நீயி? பேசாம இரு. சாமி பாத்துக்கிரும்."

சாமி பார்த்துக்கொள்ளும்வரை காத்திருக்க நதியாவால் முடியவில்லை. அடுத்த தேர்வு வேதிச் சமன்பாடுகள் என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அனுப்ரியா மறுபடியும் பார்ப்பாள். ஒருமுறை பார்த்துத் தப்பித்தவள் பார்க்காமல் இருக்கமாட்டாள். அவள் பார்க்கும் இடத்தில் விஷத்தை வைக்க வேண்டும்.

விஷம் வைப்பதற்கு முதலில் மருந்து தெரிய வேண்டியிருந்தது. அது தெரியவில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர் என்பது தெரியும். H₂ + O₂ → H₂O என்று எழுதினால், இடது பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலது பக்கம் ஒன்று. ஓர் ஆக்சிஜன் எங்கே போயிற்று? அவள் பேசாமல் வலது பக்கத்தில் ஒரு சிறிய 2 சேர்த்து H₂O₂ என்று எழுதினாள். இரண்டும் இரண்டும் சரி. இதில் என்ன கஷ்டம் என்று வீட்டுப்பாடத்தைக் கொண்டுபோய் நீட்டினாள்.

ரத்தினசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "இது தண்ணி இல்ல கண்ணு. இது பெராக்சைடு. ப்ளீச்சிங் பட்டறைல துணி வெளுக்க ஊத்தறாங்களே, அது. இதைக் குடிச்சா உன்ற குடலு பனியனாட்டம் வெளுத்துப் போயிரும்." வகுப்பு சிரித்தது. "சின்ன நம்பரைத் தொடாதே. அதைத் தொட்டா பொருளே மாறிப்போயிரும்."

அப்படியானால் எதைத் தொடுவது? அன்று மாலை கம்பெனி வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தபோது, உள்ளே ஒச்சம்மாளின் கைகள் பழக்கத்தில் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் உடம்பு, இரண்டு கை. ஓர் உடம்பு, இரண்டு கை. சட்டென்று தம்பியின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது.

H என்பது கை. இரண்டு கைகள் சோடியாகவே வரும். O என்பது உடம்பு. அதுவும் இரண்டாகவே வரும். ஒரு சோடி கையை வைத்து ஒரு பனியன் தைத்தால் ஓர் உடம்பு மிச்சம். அதையும் இதிலேயே வைத்துத் தைத்தால் ரெட்டை உடம்புப் பனியன். பனியனே இல்லை அது, பெராக்சைடு! இன்னொரு சோடி கை வாங்கி வர வேண்டும். இரண்டு பனியன்.

2H₂ + O₂ → 2H₂O.

உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தாள். நாலு கை, இரண்டு உடம்பு. இந்தப் பக்கமும் நாலு கை, இரண்டு உடம்பு. எதுவும் மிச்சமில்லை, எதுவும் குறையவில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் சுத்தமானது. கடவுள் உலகத்தை இவ்வளவு ஒழுங்காகத் தைத்து வைத்திருக்கிறாரா என்று ஒரு மாணவிக்குத் தோன்றுவது சாதாரண விஷயமில்லை. ஆனால் அது அதிக நேரம் நிலைக்கவில்லை. அடுத்த நினைப்பே, இனி அவளை ஏமாற்றலாம் என்பதுதான்.

அந்த வாரம் நதியா இரண்டு விதமாகப் படித்தாள். சரியான விடைகளைப் படித்தாள். சரியானதைப் போலத் தோன்றும் தவறான விடைகளையும் படித்தாள். மக்னீசியம் எரிந்தால் MgO₂. சோடியமும் குளோரினும் சேர்ந்தால் NaCl₂. எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாகவே வரும். அவசரத்தில் பார்ப்பவளுக்குச் சந்தேகமே எழாது. ரத்தினசாமிக்கு இப்படிப்பட்ட விடை கிடைத்தால் தாளை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே படித்துக் காட்டுவார். அந்தச் சிரிப்பை நதியா முன்கூட்டியே காதில் கேட்டாள். அனுப்ரியா கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா, அவ என் தாளைப் பாத்து எழுதணும். ஒண்ணு விடாம எழுதணும்" என்று வேண்டிக்கொண்டாள். இப்படிப்பட்ட வேண்டுதல்கள் அம்மனுக்குப் புதிதல்ல. கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பாள்.

சமன்பாடுகளைப் பென்சிலில்தான் எழுத வேண்டும் என்பது ரத்தினசாமி போட்ட சட்டம். பேனாவில் எழுதி அடித்துத் திருத்தினால் எந்த எண் விடை, எந்த எண் குப்பை என்று தெரிவதில்லை என்பார். நதியாவின் திட்டத்துக்கு அந்தச் சட்டம் தோதாக இருந்தது. முதலில் தவறுகளைப் பெரிதாக எழுதுவது. அவள் பார்த்து முடித்ததும் அழித்துவிட்டுச் சரியாக எழுதுவது.

தேர்வன்று எல்லாம் நினைத்தபடியே நடந்தது. நதியா தாளைச் சற்று வலப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு, சின்ன எண்களைக்கூடத் தெளிவாகத் தெரியும்படி எழுதினாள். ஓரக்கண்ணில் அனுப்ரியாவின் பென்சில் நகர்வது தெரிந்தது. MgO₂ என்று எழுதுகிறாள். NaCl₂ என்று எழுதுகிறாள். H₂O₂ என்று எழுதுகிறாள். எழுதடி, எழுது. நதியாவின் காதுமடல் சூடாகியது.

அனுப்ரியா பென்சிலைக் கீழே வைத்தாள். நதியா ரப்பரை எடுக்க டப்பாவைத் திறந்தாள்.

ரப்பர் இல்லை.

பையில் கையை விட்டுத் துழாவினாள். காலையில் தனுஷ் படம் வரைந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். தாளில் கறுப்பாக ஈஷிக்கொண்டது. பாவாடை முனையால் தேய்த்தாள். இன்னும் பரவியது. ஒரு வாரம் பாடுபட்டுப் படித்த பொய்யெல்லாம் அவள் பெயர் எழுதிய தாளிலேயே அழியாமல் நின்றது. மறுபடியும் இரண்டு தாளிலும் ஒரே தவறுகள். மறுபடியும் ரத்தினசாமி கேட்பார், யாரு யாரைப் பாத்து எழுதினது?

பைக்குமேலே ஒரு கை வந்தது. அதில் ஒரு வெள்ளை ரப்பர்.

"இந்தா," என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள் அனுப்ரியா. "எச்சிலு தொடாதடி, தாளு கிழிஞ்சு போயிரும்."

நதியா வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. வெறிகொண்டவள் போல அழித்தாள். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து பாதியாகக் கரைந்தது. 2Mg + O₂ → 2MgO. 2Na + Cl₂ → 2NaCl. எல்லாவற்றையும் மாற்றி எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

அனுப்ரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை நதியாவின் தாளுக்கு இறங்கி, பிறகு தன் தாளுக்கு வந்தது. அவள் முகம் மெல்ல வெளுத்தது. பைக்குமேலே கையை நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது.

ரப்பர் நதியாவின் முஷ்டிக்குள் இருந்தது. திறக்க வேண்டியதில்லை. மணி அடிக்கும்வரை இப்படியே வைத்திருந்தால் போதும். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்ற அந்த நேரம் முழுவதும் இந்த முஷ்டிக்குள் இருப்பதுபோல இறுக்கிப் பிடித்தாள். இதற்காகத்தானே கோயிலில் நின்றாள். எல்லாம் கேட்டபடியே கிடைத்துவிட்டது.

ஆனால் ரப்பர் கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. அது அவளுடையது இல்லை. கேட்காமலே கொடுத்தது. கிழிந்து போகும் என்று பயந்து கொடுத்தது. அனுப்ரியா பயந்தது தன் தாளுக்காக இல்லை, இவள் தாளுக்காக.

நதியா முஷ்டியைத் திறந்தாள்.

"எல்லாமே ரெட்டை உடம்புப் பனியன்டி," என்றாள், டெஸ்க்கைப் பார்த்தபடி. "என்னுதப் பாக்காத. நீயே செய்யி." தன் தாளின்மேல் இடது கையைக் கவிழ்த்து மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் அழிக்கிற சத்தம் கேட்டது. பனியன் கம்பெனியில் வளர்ந்த பெண்ணுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை போலும். பென்சில் நின்று நின்று நகர்ந்தது. அவள் வாய் ஏதோ முணுமுணுத்தது: நாலு கை, ரெண்டு உடம்பு.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று நதியாவுக்கு எல்லாம் சரியாக இருந்தன. அனுப்ரியாவுக்குத் தண்ணீரும் மக்னீசியமும் சரி. மற்றவற்றில் பாதியில் மணி அடித்திருந்தது. ரத்தினசாமி யார் தாளையும் உயர்த்திப் பிடிக்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறும்போது அவர் நதியாவைக் கூப்பிட்டு, நான்காக மடித்த இன்னொரு தாளைக் கொடுத்தார். ஆடி மாதத் தேர்வுத்தாள். சிவப்புச் சுழியின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் அவளுக்குச் சேர வேண்டிய மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

"சார், யாருங்க சார் சொன்னாங்க?"

"சொல்ல வேண்டியவங்க வந்து சொன்னாங்க. அழுதுட்டே சொன்னாங்க." கண்ணாடியைத் துடைத்தார். "நான் அன்னைக்கு உன்னைக் கேட்டிருக்கோணும் கண்ணு. கேக்காம விட்டது என்ற தப்பு. போ, மணி ஆச்சு."

வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அதன் பிறகும் சிலர் கார்பன் என்று கூப்பிட்டார்கள். முதல் தடவையாக அனுப்ரியா திரும்பி, "அவளுக்குப் பேரு இருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் மதியம் எல்லோரும் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். நதியா சாப்பாட்டுத் தூக்கை வாசற்படியில் வைத்துவிட்டு வகுப்புக்குள் திரும்பி வந்தாள். காலையில் கடையில் ரப்பர் இரண்டு வாங்கியிருந்தாள். ஒன்றைத் தனுஷிடம் அப்போதே கொடுத்துவிட்டாள். மற்றது கைக்குள் இருந்தது. அனுப்ரியாவின் டப்பாவை டெஸ்க்கிலிருந்து எடுத்துத் திறந்தாள். உள்ளே பாதியாகத் தேய்ந்த பழைய ரப்பர், ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. புதியதை அதன் பக்கத்தில் வைத்தாள். மூடியைச் சத்தமில்லாமல் அழுத்தி, டப்பா இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்துவிட்டு, சாப்பிடப் போனாள்.