பக்கத்துக் காதுக்கு ஒரு பூண்

ஆர்லோ தன் துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மூன்று பூண்களை எடுத்து டார்லாவின் முன்னால் வைத்தான். துப்பாக்கிக் குழலின் நுனியில் திருகி மாட்டுகிற இரும்புப் பூண்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"இது சுடுறப்ப வர்ற நெருப்பை மறைக்கும். இது சத்தத்தை எல்லாம் முன்னால தள்ளிவிட்டுரும், உனக்கும் சுகம், பக்கத்துல இருக்கறவனுக்கும் சுகம். உன்னோடது பத்தரை அங்குலக் குழல். வெடிமருந்து முழுசா எரியறதுக்குள்ள தோட்டா வெளிய போயிரும், மிச்சமெல்லாம் காத்துலதான் வெடிக்கும். அதனால கட்டைக் குழலுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்."

"அந்த மூணாவது?"

"அது பிரேக். துப்பாக்கி தோள்ல உதைக்கிறதைக் குறைக்கும். ஆனா ஓட்டையெல்லாம் பக்கவாட்டுல, சத்தமும் அந்தப் பக்கம்தான் அடிக்கும். நீளக் குழல்னா தாங்கலாம். உன் கட்டைக் குழல்ல மாட்டினா, பக்கத்துல உக்காந்திருக்கறவன் உன் ஏழு தலைமுறையையும் திட்டுவான்."

"அதைக் குடு," என்றாள் டார்லா.

ஆர்லோ அவளை நிமிர்ந்து பார்த்தான். துப்பாக்கி வாங்குகிறவர்களின் முகத்தைப் படிப்பது அவன் தொழிலில் பாதி. "பிரேக் மாட்டினவங்க திடல்ல கடைசி மேடைக்குப் போய்ச் சுடணும், தெரியுமில்ல? அதான் நம்ம துப்பாக்கி கிளப் வழக்கம்."

"தெரியும்."

"அதுக்கு இடது பக்கத்து மேடை யாரோடதுன்னும் தெரியும்."

"ஆர்லோ, நீ பூண் விக்கிறியா, பாவமன்னிப்புக் குடுக்கிறியா?"

அவன் பூணைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

இடது பக்கத்து மேடை வெண்டல் டகட்டினுடையது. சுடும் திடலுக்கு இருபது வருஷத் தலைவர். சுடு என்பதும் நிறுத்து என்பதும் அவர் வாயிலிருந்துதான் வரும். தானும் சுட்டுக்கொண்டே, அந்த மேடையிலிருந்தே மொத்த வரிசையையும் அதட்டுவார். தகரக் கூரையின் கீழ் அவருக்கென்று ஒரு நாற்காலி, அதில் வேறு யாரும் உட்காரக்கூடாது. மனிதர் ஓயாத வாயாடி. பேசிக்கொண்டே இருப்பவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதை டார்லா அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு காலையில் திடலில் வெண்டலும் டார்லாவின் கணவன் ராய்ஸும் மட்டும் இருந்தார்கள். ராய்ஸ் இலக்குத் தாளை மாற்றப் போனான். அவன் பாதித் தூரத்தில் இருக்கும்போது வெண்டலின் துப்பாக்கி வெடித்தது. தோட்டா ராய்ஸின் தோளை ஒட்டிப் போய் மண்மேட்டில் புதைந்தது. அடி படவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் கதை மாறிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் ராய்ஸ் இலக்குப் பக்கம் நடந்துவிட்டான் என்றார் வெண்டல். "போகலாமான்னு நான் சத்தமாக் கேட்டேன், அவர் தலையாட்டினார்," என்றான் ராய்ஸ். யார் பேச்சு எடுபடும்? ராய்ஸின் பெயரைக் கிளப்பிலிருந்து அடித்தார்கள்.

மொன்டானாவில் ஒருவனைக் குடிகாரன் என்று சொல்லலாம், அவனே சிரிப்பான். துப்பாக்கி விஷயத்தில் புத்தியில்லாதவன் என்று சொல்லிவிட்டால் அதோடு அவன் தீர்ந்தான். அந்த இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்கு ராய்ஸை யாரும் கூப்பிடவில்லை, கூடப் பிறந்த அண்ணன் உட்பட. தீவனக் கடையில் "ராய்ஸ் வர்றான், குனிஞ்சுக்கோ" என்று ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ராய்ஸ் கார் கொட்டகையில் பழைய டிராக்டர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இன்னும் மாட்டி முடிக்கவில்லை.

அவன் விட்டாலும் டார்லா விடுவதாயில்லை. இரண்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். வெண்டலுக்கு இருக்கிற ஒரே பெருமை அவருடைய குறி. வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை நடக்கும் போட்டியில் கோப்பை வருஷா வருஷம் அவர் கைக்குத்தான் போகும். ஊரே பார்க்க அந்தக் கை நடுங்க வேண்டும். காதருகே இடி விழுந்தால் எவன் கையும் நடுங்கும். பக்கத்தில் யாராவது சுட்டாலே தூக்கிவாரிப்போடுகிற ஆள் என்று நாளைக்குத் தீவனக் கடையில் சிரிக்கட்டும். அவள் திட்டம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை குளிர் சுள்ளென்று இருந்தது. கூரைக்குப் பின்னால் பெரிய சட்டியில் பீன்ஸும் கறியும் கொதித்தன. டார்லா கடைசி மேடையில் துப்பாக்கியை வைத்ததும் வெண்டல் பூணைப் பார்த்துவிட்டார்.

"என்ன கண்ணு, பிரேக்கா? பொம்பளைங்களுக்கு உதை தாங்கலேன்னா சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாமே."

"உங்களுக்குச் சத்தம் தொந்தரவுன்னா நீங்க தள்ளிப் போயிருங்க, வெண்டல். வழக்கப்படி முன்னாலயே சொல்லிட்டேன்."

"நான் பீரங்கி பக்கத்துல தூங்கினவன்," என்று சிரித்துவிட்டு அவர் காதடைப்பான்களை மாட்டிக்கொண்டார். மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இப்போதைய காதடைப்பான்கள் கெட்டிக்காரத்தனமானவை. வெடிச் சத்தத்தை வெட்டிவிட்டு மனிதக் குரலை மட்டும் உள்ளே விடும். வெண்டல் சுடச் சொல்லி உரக்கக் கத்தினார். வரிசை சுடத் தொடங்கியது.

வெண்டல் மூச்சை அடக்கிக் குறிபார்க்கும் கணத்துக்காக டார்லா காத்திருந்து விசையை அழுத்தினாள்.

அவள் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. தகரக் கூரை அதிர்ந்து துரு உதிர்ந்தது. வெண்டலின் மேசையிலிருந்த தூசி எழும்பி அவர் முகத்தில் அடித்தது, தொப்பியின் நுனி படபடத்தது. அவருக்கும் அப்பால் உட்கார்ந்திருந்தவன் கெட்ட வார்த்தையில் அவள் தாயை விசாரித்தான். வெண்டல் மட்டும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். நிதானமாகச் சுட்டார். நடுப்புள்ளி.

மறுபடி சுட்டாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. மறுபடி நடுப்புள்ளி. டார்லாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்த மனிதன் கடப்பாரையை விழுங்கிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடிக்கிற ஜாதி என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்றும் சுட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. டார்லாவின் பக்கமிருந்த அவருடைய காதடைப்பான் தொப்பியில் மாட்டிக்கொண்டு மேலே ஏறியிருந்தது. காது வெறும் காதாக, குளிரில் சிவந்துபோய் இருந்தது. அந்த வெடிக்கு வெறுங்காதோடு இருந்தவன் நாற்காலியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். இவருக்கோ அது நழுவியதுகூடத் தெரியவில்லை.

டார்லா விசையிலிருந்து விரலை எடுத்தாள். வெண்டல் தலையை நிமிர்த்தித் தோட்டா நிரப்பும்போது, அவர் தன் வாயைப் பார்க்காதபடி இலக்கைப் பார்த்துக்கொண்டே சாதாரணக் குரலில் சொன்னாள்.

"வெண்டல், உங்க லாரி தீப்பிடிச்சு எரியுது."

அவள் தாடை அசைவதை மட்டும் கண்ட வெண்டல் தலையாட்டினார். "அப்படித்தான் கண்ணு, நிதானமா சுடு."

நான் கேட்டேன், அவர் தலையாட்டினார். இரண்டு வருஷமாக ராய்ஸ் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். கட்டினவளே அதை முக்கால்வாசிதான் நம்பினாள். காது செத்துப்போன மனிதன், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு, அதை மறைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கட்டளையெல்லாம் தானே போடுவதால் யாருடைய கட்டளையும் அவன் காதில் விழ வேண்டிய அவசியமே வந்ததில்லை. அந்த நாற்காலி பறிபோகக் கூடாது என்பதற்காக என் புருஷனை முட்டாளாக்கினான். கோப்பை கிடக்கட்டும் என்று நினைத்தாள். இனி அது போதாது.

திடலில் ஒரு விதி உண்டு. ஆபத்தைக் கண்டால் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், நேற்றுச் சேர்ந்தவன்கூட. சொன்ன கணம் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். வெண்டல் தலைவரான பிறகு அவரைத் தவிர யாரும் அதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

டார்லா துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றி வைத்தாள். பின்னால் ஓர் அடி நகர்ந்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"சுடுறத நிறுத்துங்க!"

வரிசை சட்டென்று அடங்கியது. கைகள் துப்பாக்கியை விட்டன. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அந்த அமைதியில் வெண்டலின் துப்பாக்கி வெடித்தது. அவர் தோட்டாக்கூட்டைத் தள்ளினார், அது சிமெண்டுத் தரையில் உருண்டு போகிற ஓசை எல்லோருக்கும் கேட்டது. மறுபடி சுட்டார்.

"வெண்டல், நிறுத்துங்க!" என்று கத்தினான் வரிசையில் நின்ற ஆர்லோ. இன்னும் இரண்டு பேர் கத்தினார்கள். வெண்டல் மறுபடி சுட்டார்.

ஆர்லோ டார்லாவிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "எதுக்கு நிறுத்தச் சொன்னே? என்ன ஆபத்து?"

"பாத்துட்டுத்தானே இருக்கே," என்றாள்.

மற்ற இலக்குகளில் மண் தெறிக்கவில்லை என்பது ஒருவழியாக வெண்டலுக்கு உறைத்திருக்க வேண்டும். குறிபார்க்கும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினார். எல்லோரும் வெறுங்கையோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கோபம்தான் வந்தது. "நான் சொல்லாம யாருடா நிறுத்தினது?" என்று ஆரம்பித்தவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய் டார்லாவிடம் வந்து நின்றார். கை தானாகவே காதுக்குப் போயிற்று.

டார்லா பாவம் பார்க்காதவள் இல்லை. தெரு நாய்க்கும் சோறு வைக்கிறவள். அன்று அவளுக்குப் பாவமாக இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, உதடு தெரிய, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"அன்னிக்கு ராய்ஸ் உங்களைக் கேட்டானா இல்லையா?"

வெண்டல் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். தலைவர் பட்டை குத்திய மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். யாரும் அதைக் கேட்கவில்லை, அவராகத்தான் செய்தார்.

"கேட்டிருப்பான்," என்றார். "எனக்குத்தான் காதுல விழல. அவனைச் சுட்டுட்டேன்னு நெனச்சேன், டார்லா. பயந்துபோய்ச் சொல்லிட்டேன். அப்புறம் மாத்த முடியல."

"இங்க சொன்னது பத்தாது. வீட்டுக்கு வந்து அவங்கிட்டச் சொல்லுங்க. இன்னிக்கே."

அவர் தலையாட்டினார்.

"தலையாட்டாதீங்க. வாயைத் திறந்து சொல்லணும்." டார்லா தன் துப்பாக்கியைப் பையில் போட்டு மூடினாள். "கத்தவும் வேண்டாம். மெதுவாச் சொன்னாலே போதும். அவனுக்குக் காது நல்லாக் கேக்கும்."