பெரியவன் பார்க்க வேண்டும்

வைஃபை அடாப்டரைப் பிடுங்கி மறுபடியும் சொருகினாள் கிருஷாந்தி. லெப்டொப் ஒரு தடவை 'டிங்' என்று சத்தம் போட்டுவிட்டுப் பழையபடி கம்மென்று கிடந்தது. பக்கத்தில், சுவரோரம் போட்டிருந்த நீட்டு மர வாங்கில், அம்மா கிடந்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி.

"என்னம்மா, வந்துட்டானா?" என்று வாசலிலிருந்து கேட்டார் ஆண்டியப்பன் மாமா. அம்மாவின் தம்பி. சாவு வீட்டில் எல்லாம் அவர் சொன்னபடிதான்.

"இல்ல மாமா. டிரைவர் இல்ல."

"டிரைவரா? டிரைவரு என்னாத்துக்கு? பொட்டிய நாங்க தோள்லதானே தூக்கிட்டுப் போறோம்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "கொம்ப்யூட்டருக்குள்ள ஒண்ணு ஏத்தணும் மாமா. அப்பத்தான் இது என்னா சாமான்னு அதுக்கு வெளங்கும்."

"ஏத்து. தலவாக்கலையில அந்த வேலதானே பாக்குற. பெரியவன் பாக்காம நான் பொட்டிய தூக்க மாட்டேன்."

பெரியவன் என்றால் மதுரன், அவளுடைய அண்ணன். ருமேனியாவில் ஏதோ ஃபெக்டரியில் இருக்கிறான். லீவும் இல்லை, டிக்கட்டும் இல்லை. நேற்று அம்மா போய்விட்டாள் என்று சொன்னதும் மேட்டு ரோட்டுச் செல்லசாமி கடைக்கு ஃபோன் கோல் எடுத்து அழுதான். அழுது முடித்த கையோடு கட்டளை போட்டான்: எல்லாவற்றையும் வீடியோவில் காட்ட வேண்டும், தன்னுடைய பழைய லெப்டொப் வீட்டில்தானே இருக்கிறது.

இருக்கிறது. அதன் வைஃபை செத்துப் பல மாதமாகிறது. ஃபோனிலாவது காட்டலாம் என்றால் லயத்து வரிசை வீடுகள் கிடக்கும் பள்ளத்தில் எந்த ஃபோனுக்கும் சிக்னல் கிடையாது. செல்லசாமி கடையில் ரவுட்டர் இருக்கிறது, ஆனால் அது அனுப்புவது பாதி வழியில் தேயிலைக்குள்ளேயே செத்துவிடும். அதற்கும் மதுரன் வழி வைத்திருந்தான். நீள அன்டனா வைத்த யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கினால் பள்ளத்திலும் பிடிக்குமாம். பெட்டி வாங்க டவுனுக்குப் போன மாமாவின் மகன் லோஜன் அதையும் வாங்கி வந்தான். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அதைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

அடாப்டரோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீடி வந்திருந்தது. டிரைவர் அதில்தான் இருக்கிறது. லெப்டொப்பில் சீடி போடும் இடமே இல்லை. நெட்டிலிருந்து இறக்கலாம் என்றால், நெட் வருவதற்குத்தான் இந்த அடாப்டர். இதைச் செய்து விற்றவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கேட்க வேண்டியவர்கள் அதைவிடப் பக்கத்திலேயே இருந்தார்கள்.

காலையில் அவள் மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "மாமா, நானும் மயானத்துக்கு வாரேன். அம்மாவுக்கு ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்துர்றேன்."

மாமா அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைங்க வர்ற பழக்கம் நம்ம குடும்பத்துல இல்லம்மா. பாத பிரியிற முடக்கோட நின்னுக்கணும். கொள்ளிக்கொடம் லோஜன் எடுப்பான்."

லோஜன் எடுப்பான். தீபாவளிக்குத் தீபாவளி வந்து அத்தை காலில் விழுந்துவிட்டுப் போன லோஜன். அம்மாவின் ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவளைப் புரட்டிப் போட்டவளும், பீத்துணி அலசியவளும், வேலைக்குப் போய் வந்த களைப்போடு கஞ்சி ஊட்டியவளும் முடக்கோடு நிற்க வேண்டும்.

"கடைக்குத்தான் போகணும்" என்று எழுந்தாள். "ரவுட்டர்ல வயர் குத்தி இறக்கிட்டு வாரேன்." பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா பின்வாசலில் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் வந்ததுக்குப் பொறகு குளிப்பாட்டுங்க. நாந்தான் ஊத்துவேன்."

"நீ போயிட்டு வா புள்ள. நாங்க இருக்கோம்."

லெப்டொப்பை மழைக்குப் பயந்து உரப் பைக்குள் போட்டு அணைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினாள். படி எல்லாம் ஈரம். பாதி வழியில் செருப்பு அறுந்தது. அதைத் தேயிலைக்குள் வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள்.

செல்லசாமி கடையைப் பாதி சாத்தியிருந்தார். சாவுக்கு மரியாதை. அவளைக் கண்டதும் ரவுட்டரை அலுமாரி மேலிருந்து அவரே இறக்கிக் கொடுத்தார். வயரைக் குத்தி, அடாப்டரின் பெயரைத் தேடி, டிரைவரை இறக்கப் போட்டாள். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. நகர்ந்தது என்றால் பெரிய வார்த்தை.

"மழ நாள்ல இப்பிடித்தாம்மா இழுக்கும்" என்றார் செல்லசாமி. "ஒங்கம்மா மீனம்மா அக்கா ரோட்டால போனா கூப்புட்டுப் பேசாமப் போகாது. நல்ல மனுசி."

அவள் கண்ணைக் கோட்டின் மேலேயே வைத்திருந்தாள்.

பாதிக் கோட்டைத் தாண்டியபோது கீழே தப்பு மேளத்தின் அடி மாறியது. அதுவரை ஆளை வரவேற்கும் அடியாகச் சோம்பலாய்க் கேட்டுக்கொண்டிருந்தது, சட்டென்று நெருங்கி விழத் தொடங்கியது. லயத்தில் பிறந்த யாருக்கும் அந்த அடி தெரியும். குளிப்பாட்டும்போது அடிப்பது.

"என்னய விட்டுட்டு ஊத்துறாங்க" என்றாள் கிருஷாந்தி. செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினாலும் கீழே போய்ச் சேர்வதற்குள் முடிந்திருக்கும். டிரைவரும் இருக்காது, மறுபடி ஏறச் சொல்வார்கள். அவள் நின்றாள். அங்கே அம்மாவின் தலையில் யார் யாரோ தண்ணீர் ஊற்ற, இங்கே ஒரு கோடு நகர்வதைக் காவல் காத்து நின்றாள். அண்ணன்மேல் வந்த கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு விரலை அசைக்கிறான், இங்கே ஒரு வீடே ஆடுகிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனுக்கு முட்டை, அவளுக்கு முட்டை பொரித்த சட்டி.

கோடு நிறைந்தது. திரும்பத் தொடக்கச் சொல்லி லெப்டொப் கேட்டது, தொடக்கினாள். அடாப்டரில் நீல வெளிச்சம் மினுங்கியது. வைஃபை பட்டியலில் செல்லசாமி ஸ்டோர்ஸ் வந்தது. செல்லசாமி பாஸ்வேர்டைக் காதோடு காதாகச் சொன்னார், கடையில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லாதபோதும்.

அவள் இறங்கி வந்தபோது அம்மா பெட்டிக்குள் இருந்தாள். தலை சீவியிருந்தார்கள். வகிடு நடுவில். அம்மா என்றைக்கும் நடு வகிடு எடுத்ததில்லை.

"மாமா அவசரப்படுத்திட்டாரு புள்ள" என்றாள் ராசம்மா அக்கா. "எமகண்டம் வருதுன்னு சொன்னாரு. நாங்க என்னா செய்றது."

கிருஷாந்தி லெப்டொப்பை ஸ்டூலில் வைத்து அன்டனாவை மேட்டுப் பக்கம் திருப்பினாள். சிக்னல் ஒரு கோடு. ஜன்னலோரம் நகர்த்தியதும் இரண்டு கோடு. கோல் போய்ச் சேர்ந்தது.

மதுரன் வந்தான். பின்னால் இரும்புக் கட்டில்கள், ஒரு கொடியில் காயும் உடுப்பு. கண் வீங்கியிருந்தது. "அம்மா" என்று ஒரு தடவை கத்தினான். வீட்டுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் அவனோடு சேர்ந்து குரலெடுத்தார்கள். மாமாவும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவன் அழுகை பொய்யில்லை என்று கிருஷாந்திக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. பொய்யாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

"கிட்டக் காட்டு கிருஷா. மொகத்துக்கிட்ட. இன்னும் கொஞ்சம்."

தூக்கிப் பிடித்தாள்.

"நான் அனுப்புன சேல எங்க? அந்த நீலம். அத ஏன் கட்டல?"

அந்த நீலம் உடம்பில் பட்டால் சொறிகிறது என்று அம்மா ஒரு நாளோடு அவிழ்த்துப் போட்டிருந்தாள். கிருஷாந்தி அதைச் சொல்லவில்லை. கை கடுத்தது. தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். தப்பு முன்னால் போனது. பெண்கள் முடக்கு வரை வந்தார்கள். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு, மற்றது ஆறாம் நம்பர் மலையைச் சுற்றி மயானத்துக்கு. மாமா கையை உயர்த்தினார். பெண்கள் நின்றார்கள். ராசம்மா அக்கா கிருஷாந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கையிலிருந்த லெப்டொப்புக்குள்ளிருந்து மதுரனின் குரல் வந்தது. "மாமா, ஏன் நிக்கிறீங்க? கெமராவ மூடிறாதீங்க. மண்ணு போடுறதயும் நான் பாக்கணும்."

மாமா தலையைச் சொறிந்தார். "லோஜன், வாங்கு அத."

லோஜன் தோளில் குடத்தோடு திரும்பிப் பார்த்தான். அவனால் முடியாது. பின்னால் நின்ற ஒருவர் வாங்கினார். வாங்கிய வேகத்தில் எதையோ அமுக்கினார், மதுரன் மறைந்தான். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அடாப்டரைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னான் ஒருவன். கிருஷாந்தி கைகட்டி நின்று பார்த்தாள். சொல்லிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

மாமாதான் கடைசியில் அவள் பக்கம் திரும்பினார். "இது மயானத்துலயும் எடுக்குமாம்மா?"

எடுக்குமா? மயானம் கடைக்கு எதிர்ச் சரிவில் இருக்கிறது. நடுவில் ஓர் ஓடை, மறைப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. எடுக்கலாம். எடுக்காமலும் போகலாம். அவளுக்குத் தெரியாது.

"எடுக்கும்" என்றாள். "ஆனா நாந்தான் புடிக்கணும்."

மாமா வானத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தோள் மாற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். "சரி, வா. பெரியவனுக்காகத்தான். வேற யாரும் வரப்படாது."

பெரியவனுக்காகத்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெற்ற மகளாக வரக் கூடாதவள், அண்ணன் முகத்தைச் சுமக்கிறவளாக வரலாம். பழக்கம் அதற்கு மட்டும் வழி விடுகிறது. ராசம்மா அக்கா அவள் முதுகில் கையை வைத்து மெல்லத் தள்ளினாள். "எதுக்காகவோ, போ புள்ள."

வழியெல்லாம் நெட் இல்லை. "இருக்கானா?" என்று மாமா இரண்டு தடவை கேட்டார். "இருக்கான் மாமா" என்றாள், மூடியைப் பாதி சாய்த்துப் பிடித்துக்கொண்டு. பொய் சொல்வது அவ்வளவு இலகுவாக இருக்குமென்று அவள் நினைத்ததில்லை. ஓடையைத் தாண்டி மயானத்து மேட்டில் கால் வைத்ததும் எதிர்ச் சரிவில் கடையின் தகரக் கூரை தெரிந்தது. அன்டனாவை அதற்கு நேராகத் திருப்பினாள். மூன்று கோடு. லயத்தைவிட நன்றாக எடுத்தது. மதுரன் மறுபடி வந்தான்.

"அங்கிட்டு நில்லும்மா" என்றார் மாமா. "குழிக்கிட்ட வராத. அங்கயிருந்தே காட்டு."

தேயிலை ஓரமாக நின்று காட்டினாள். லோஜன் சுற்றி வந்து குடத்தைப் போட்டு உடைத்தான். கயிற்றில் பெட்டி இறங்கியது. "சாய்க்காத கிருஷா, நேராப் புடி" என்றான் மதுரன். நேராகப் பிடித்தாள். மாமா முதல் பிடி போட்டார். பிறகு வரிசையாக ஆண்கள். அடுத்த லயத்து ஆட்கள், அம்மாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராதவர்கள், ஆளுக்கொரு பிடி.

"மாமா, எம்பேர்ல ஒரு பிடி போடச் சொல்லுங்க" என்றான் மதுரன்.

"போடு லோஜன்" என்றார் மாமா. "பெரியவன் பேர்ல." லோஜன் போட்டான்.

மாமா சுற்றிலும் பார்த்தார். "எல்லாரும் போட்டாச்சா?" அவர் பார்வை கிருஷாந்தியின் கையிலிருந்த லெப்டொப்பைத் தொட்டு, அப்படியே தாண்டிப் போனது. "மூடுங்கப்பா."

மண்வெட்டிக்காரர் குனிந்தார்.

கிருஷாந்தி லெப்டொப்பைத் தேயிலைச் செடியின் மேல் வைத்தாள். கவ்வாத்து வெட்டி மட்டமாகக் கிடந்த நிரையில் அது அசையாமல் மல்லாந்து கிடந்தது. அவள் நேரே நடந்து வந்தாள். லோஜன் தானாகவே விலகினான்.

"ஏம்மா, பெரியவன அங்க வச்சிட்டு எங்க வார?" என்றார் மாமா. "நில்லு. சொல்றனில்ல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, மாமா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். குழியோரத்தில் முட்டிக்கால் போட்டு உட்கார்ந்தாள். ஈர மண். இரண்டு கையாலும் வாரிப் போட்டாள். பெட்டியின் மேல் அது விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. மறுபடி வாரினாள்.

"கிருஷா" என்று தேயிலைக்குள்ளிருந்து மதுரன் கூப்பிட்டான். "ஒண்ணுமே தெரியல கிருஷா. மேகந்தான் தெரியுது. ஏய், கேக்குதா?"

ஒருவரும் போய் அதை எடுக்கவில்லை. மண்வெட்டிக்காரர் வெட்டியை ஊன்றி, அதன் பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கட்டும் என்று நின்றார். கிருஷாந்தி இன்னும் வாரிக்கொண்டிருந்தாள்.