சம்பந்தி நாடு

பத்து வருடம் தோளோடு தோள் நின்ற நட்பு நாடு, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் துரோகி நாடாகிவிட்டது. இரண்டு நாடும் சேர்ந்து யாரை விரட்டி அடித்தனவோ, அவர்களோடேயே நம் மந்திரி கைகுலுக்கிவிட்டு வந்திருந்தார். ஏன் என்று கேட்க ஆளில்லை.

வெளியுறவு அலுவலகத்தில் அறிக்கை எழுதுகிறவருக்குத்தான் சங்கடம். அந்த நாட்டுத் தூதரகத்தில் அறிக்கை எழுதுகிறவர் அவருடைய சம்பந்தி. கூட்டறிக்கைக்காக இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்குக் கல்யாணமே முடிவானது. தூதரகக் குடியிருப்பிலிருந்து மகள் ஞாயிறுதோறும் புருஷன், மாமனாரோடு சாப்பிட வருவாள். அது நின்றுபோனால் இவர் உடைந்துபோவார்.

"பன்னெண்டு மணிக்குள்ள நல்லா காரமா ஒரு கண்டனம் வேணும்" என்றார் மேலதிகாரி.

பேனா பழக்கதோஷத்தில் 'சகோதர நாடு' என்றே ஆரம்பித்தது. கதவைச் சாத்திக்கொண்டு சம்பந்திக்கே போன் போட்டார்.

"சம்பந்தி, உங்களை எப்படித் திட்டறது?"

"அதே கவலையிலதான் நானும் உக்காந்திருக்கேன். 'நன்றி கெட்ட நாடு'ன்னு போட்டுக்குங்க. நான் 'முதுகில் குத்திய நாடு'ன்னு போட்டுக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். அரைப் பக்கம் நிறைந்தது.

"இதைப் படிச்சா எவனுக்கும் கோபம் வராதே" என்று மேலதிகாரி திருப்பித் தந்தார். மணி பதினொன்று ஐம்பது. அவசரத்தில் கை தானாக ஒரு வரி எழுதியது: 'நம் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, உப்பு போதாது என்று சொல்லிவிட்டுப் போகும் நாடு அது.' ஞாயிறுதோறும் சம்பந்தி கிளம்பிப் போனதும், பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி புலம்புவது அது.

வானொலியில் மந்திரி அந்த வரியை இரண்டு தரம் படித்தார். நாடே கைதட்டியது. சம்பந்தி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. மனைவி சமைத்ததை மூடி வைத்துவிட்டு இவரை ஒரு பார்வை பார்த்தாள்.

பதினோராம் நாள் இரண்டு நாடும் மறுபடி கட்டித் தழுவிக்கொண்டன. திட்டியது எதுவும் மந்திரிகளுக்கு நினைவில்லை. கூட்டறிக்கை எழுதத்தான் சம்பந்தி வரவில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அப்பா, அந்த உப்பு வரி நீங்க எழுதினதா, மந்திரி எழுதினதான்னு மாமா கேக்கறாரு."

"மந்திரிதாம்மா. சத்தியமா."

பின்னாலிருந்து சம்பந்தியின் குரல் பாய்ந்து வந்தது. "பொய்! அந்த ஆளுக்கு இவ்வளவு நல்லா எழுத வருமா?"

இவருக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாகப் பொங்கின. "நான்தான் சம்பந்தி! நானேதான் எழுதினேன்" என்று கத்திவிட்டார்.

அந்தப் பக்கம் மாமனாரும் மருமகளும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வரோம்ப்பா. மாமா அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கணுமாம்."