தீர்ந்துபோகாத எருமை

1.
இந்தக் கதை தணிக்கைப் படிவத்தின் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடங்காததால் பிறந்தது. கட்டத்தின் மேல் 'காரணம்' என்று போட்டிருந்தது. இரண்டு வரிக்கு மேல் தட்டினால் கணினி ஏற்றுக்கொள்ளவில்லை. "நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே அண்ணா, இதையும் எழுதிக் குடுங்க" என்று தாளை என் மேசையில் போட்டுவிட்டுப் போனாள் ரட்சனி. கதைக்கும் தணிக்கைக்காரருக்கு எழுதும் பதிலுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவள் நினைக்கவில்லை. தாய்லாந்தின் உபோனில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய பிறகு, நானும் நினைக்கவில்லை.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வயலெங்கும் பனி மூடிய அந்தக் காலையில், மாலி தன் பெரிய கண்களால்...'

வேண்டாம். எருமைக்கு இத்தனை பெரிய கண்ணை வைத்தால் நீங்கள் இப்போதே அழத் தயாராகிவிடுவீர்கள்.

'ரட்சனி மிகவும் நேர்மையான...'

இதுவும் வேண்டாம். நேர்மையானவள்தான். அதனால்தான் இந்த வம்பே.

3.
நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறை மலேரியாக் கொசுக்களை ஆராய்கிறது. வயலோரம் பெரிய வலை கட்டி, உள்ளே எருமையை நிறுத்துவோம். கொசு எருமையைத் தேடி வரும், நாங்கள் கொசுவைத் தேடிப் போவோம். திட்டங்களுக்கும் நிதிக்கும் பொறுப்பு ரட்சனி. மாலி என்ற இந்த எருமையை வாங்கியபோது, செலவை எழுத அவளுக்கு மூன்று தலைப்புகள் இருந்தன. 'ஊழியர்' என்று போட்டால் மாலிக்கு வங்கிக் கணக்கு வேண்டும். 'கருவி' என்று போட்டால் கொம்பில் எண் ஒட்டவேண்டும். (ஒட்டிப் பார்த்தோம். மரத்தில் தேய்த்துவிட்டாள்.) ஆகவே பஞ்சு, கையுறை, சோதனைக்குழாய் வரிசையில் 'தீர்ந்துபோகும் பொருட்கள்' தலைப்பில் மாலியை ஏற்றிவிட்டு, ரட்சனி நிம்மதியாகப் பப்பாளிக்காய் இடித்த சோம் தாம் சாப்பிடப் போனாள்.

இப்போது திட்டம் முடிகிறது. தீர்ந்துபோகும் பொருள் ஏதாவது மீந்தால் அதை அழித்து, படம் எடுத்து அனுப்பவேண்டும் என்பது நிதி கொடுத்தவர்களின் விதி. மாலி மீந்திருந்தாள். கொழுகொழுவென்று மீந்திருந்தாள். போதாக்குறைக்கு ஒரு கன்றும் போட்டிருந்தாள்.

(அடிக்குறிப்பு மாதிரி: தீர்ந்துபோகும் பொருள் எண்ணிக்கையில் கூடினால் அதை எழுத எங்கள் கணினியில் கட்டம் கிடையாது.)

4.
துறைத் தலைவர் விச்சியனைக் கதையில் சேர்ப்பதா என்று எனக்குச் சந்தேகம். அவ்வளவு நிதானமான மனிதரைக் கதையில் யாரும் நம்பமாட்டார்கள்.

"அழிச்சிட்டதா எழுதிடும்மா. படத்துக்கு எங்கயாவது எலும்பு கிடைக்கும்" என்றார்.

பொய் எழுதமாட்டேன் என்றாள் ரட்சனி.

"அப்ப நிஜமாவே அழிச்சிடு" என்றார், அதே நிதானத்தில்.

சந்தையில் மாட்டிறைச்சியைக் கொத்தி லாப் செய்து விற்கிறவர் அதற்குள் வந்து, மாலியின் தொடையைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார். வாராவாரம் மாலிக்கு வாழைத்தண்டு கொண்டுபோய்க் கொடுப்பவள் ரட்சனிதான். அன்று அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

5.
யோசித்துப் பார்த்த முடிவுகள்:

மாலி வலையை அறுத்துக்கொண்டு மீகோங் நதியை நீந்திக் கடக்கிறாள். (அக்கரை லாவோஸ். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் அனுமதி வாங்கவில்லை.)

லாப் கடைக்காரர் திடீரென்று மனம் திருந்தி சைவத்துக்கு... அடித்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.

6.
பாங்காக்கிலிருந்து தணிக்கைக்குத் தனகோன் என்ற இளைஞர் வந்தார். வெள்ளைக் காலணியோடு சேற்றில் நின்று மாலியை மேலும் கீழும் பார்த்தார்.

"தீர்ந்துபோற பொருள்னு போட்டிருக்கீங்க. ஏன் தீரலை அக்கா?"

"தீர்ந்திருச்சு சார்" என்றாள் ரட்சனி. "நாங்க வாங்கினது கொசுவுக்கு ரத்தம். கொசு குடிச்சிட்டுப் போயிருச்சு. இது காலி டப்பா."

அவர் காலி டப்பாவை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"காலி டப்பாவை ஊழியர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு விதி இருக்கு சார்."

விதிகளைப் புரட்டினார். இருந்தது.

"டப்பா சாணி போடுதே அக்கா."

"கசிவு சார்."

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. கையில் மட்டும் மாலிக்குக் கொண்டுவந்த வாழைத்தண்டு இருந்தது. தனகோன் அதைப் பார்த்துவிட்டு விதிப்புத்தகத்தை மூடினார்.

"சரி. ஆனா டப்பா காலின்னு ஒரு வெளியாள் பார்த்துக் கையெழுத்துப் போடணும். உங்க துறை ஆளுங்க கையெழுத்து செல்லாது. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

7.
துறை ஆள் என்பதால் நான் தள்ளுபடி. லாப் கடைக்காரர் வெளியாள்தான், ஆனால் அவரைக் கேட்கமுடியாது. மீதி இருப்பது நீங்கள். இதுவரை படித்துவிட்டீர்கள், அதனால் மாலியைப் பார்த்தவர்தான்.

கன்றைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். டப்பா என்றிருந்தால் மூடியும் கூடவே வரும்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். மாலியை வீட்டுக்கு ஓட்டிப்போக ரட்சனி கையில் கயிறோடு நிற்கிறாள்.

'மேற்படி எருமையை நேரில் கண்டேன். காலியாக இருந்தது.

இப்படிக்கு,
........................'