பியூலா இழுத்த பிளக்

முதலாளி ட்வைட் பென்னர் தரையில் விழவில்லை என்றால் பிளக் தேறிவிட்டது என்று அர்த்தம். பென்சில்வேனியாவிலிருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் அதுதான் கடைசிப் பரீட்சை. மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பதெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்கும். ஆனாலும் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, தரையோடு முடுக்கிய இரும்பு மேஜையில் ஒரு காலை ஊன்றி, பீப்பாய் உடம்பைப் பின்னால் சாய்த்துத் தானே இழுத்தால்தான் அவருக்கு மனசு ஆறும். பிளக் கழன்று அவர் மல்லாந்து விழுவது வாடிக்கையாகிவிட்டதால், அந்த இடத்தில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு மெத்தைக்கு வேலையில்லை.

"வரல வெர்னா! என்னா பண்ணாலும் வரல!"

"போதும் விடுங்க ட்வைட். போன தடவ பேன்ட் கிழிஞ்சுது."

வெர்னா ஹோஸ்டெட்டர்தான் அதை வரைந்தவள். நகத்தளவு எஃகுக் கொக்கி. பிளக்கைச் சொருகினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். மேலே இருக்கும் பொத்தானை அமுக்கினால்தான் விடும். ட்வைட் விழாமல் நின்றதைப் பார்த்து அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காரணம் இருந்தது. இந்த ஆர்டரும் கிடைக்காவிட்டால் சொந்தமாக பிளக் வரைவதை நிறுத்திவிட்டு, வெளியில் வாங்கி விற்பது என்று ட்வைட் முடிவு செய்திருந்தார். அப்புறம் வெர்னாவுக்கு விற்பனைப் பிரிவில் நாற்காலி. காலையிலிருந்து மாலை வரை முன்பின் தெரியாதவர்களுக்கு ஃபோன் போட வேண்டும். வெர்னாவோ பல் டாக்டருக்கே ஃபோன் போடக் கூச்சப்பட்டு, வலியோடு நேரில் போய் நிற்கிறவள்.

ஆர்டர் கொடுக்க வேண்டியவள் ரோஸெல்லா க்ரைடர். பால் கறக்கும் மெஷின் செய்து விற்கிறவள். சொந்தத் தொழுவத்தில், சொந்த மாடுகளிடம் சோதித்துப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டாள். அவளுடைய குறை இதுதான்: மாடு வயரை மிதித்தால் பிளக் கழன்றுவிடுகிறது, மெஷின் நின்றுவிடுகிறது.

வியாழக்கிழமை வெர்னாவும் ட்வைட்டும் அவளுடைய தொழுவத்துக்குப் போனார்கள். தொழுவத்துச் சுவரில், பழைய பலகையில் மெஷினின் கரண்ட் பெட்டி இருந்தது. வெர்னா அதில் புது சாக்கெட்டைப் பொருத்தி பிளக்கைச் சொருகினாள். டக். வயரின் மறுமுனை பியூலா என்ற மாட்டின் இடுப்புப் பட்டையில் தொங்கிய கறவைக் கருவிக்குப் போனது.

"இதப் பாருங்கம்மா," என்று ட்வைட் தொடங்கினார். "நானே இழுத்தேன், வரல. என்னயப் பாருங்க, இதப் பாருங்க."

"பாத்தேன் தம்பி," என்றாள் ரோஸெல்லா. "ஆனா நீ மாடு இல்லயே. கிட்டத்தட்டதான்."

ட்வைட் சங்கடம் வந்தால் எதையாவது மெல்லுவார். சட்டைப்பையிலிருந்து முறுக்கு மாதிரி உப்புத் தூவிய பிரெட்ஸல் ஒன்றை எடுத்துக் கடித்தார். பியூலா தலையைத் தூக்கியது. உப்பென்றால் அதற்கு உயிர். அதைக் கட்டியிருந்த கொண்டியை யாரோ சரியாகப் போடவில்லை. அது பாட்டுக்கு அவரை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

வயர் விறைத்தது. பிளக் வரவில்லை. வெர்னாவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் பலகையிலிருந்து ஸ்க்ரூக்கள் பொலபொலவென்று உதிர்ந்து பெட்டி முழுதாக வயரோடு வந்தது. பெட்டிக்குப் பின்னால் கரண்ட் கொண்டுவந்த இன்னொரு கம்பெனியின் பிளக் மட்டும் சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. மெஷின் நின்றது.

பின்னால் பெட்டி கடகடவென்று உருண்டு வரவும் பியூலா மிரண்டு ஓடியது. ட்வைட்டும் ஓடினார், பிரெட்ஸலோடு.

"அதக் கீழ போடு தம்பி!"

"இது என் காலைச் சாப்பாடும்மா!"

"பொத்தான அமுக்குங்க!" என்று வெர்னா கத்தினாள். ஓடுகிற மாட்டின் பின்னால் துள்ளுகிற பெட்டியில் யார் பொத்தானை அமுக்குவது? கடைசியில் அவளே சாணியில் சறுக்கிப்போய் பெட்டியின் மேல் விழுந்து பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள். பிளக் வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

கவிழ்ந்த பால் கேன் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ட்வைட் வாயைத் திறந்தார். வாய் நிறைய பிரெட்ஸல்.

ஆகவே வெர்னா பேச வேண்டியதாயிற்று.

"தப்பு என்னோடதுதாங்க. எங்க மேஜ தரையோட முடுக்கினது. இழுத்தா அசையாது. உங்க பலகைய நெனச்சே பாக்கல. மாடு மிதிச்சா பிடிக்கணும், பலகை முனகறதுக்கு முன்னாடி விட்டுடணும். இது விடவே தெரியாத பிளக்கு."

ரோஸெல்லா கழன்ற பிளக்கை எடுத்து அவள் கையில் வைத்தாள். "சரி, விடக் கத்துக்குடு."

பெட்டியைத் திரும்ப முடுக்கினார்கள். வெர்னா ரோஸெல்லாவிடம் மீன் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றை வாங்கி பெட்டியில் மாட்டி மெல்ல இழுத்தாள். பலகை முனகிய இடத்தில் நிறுத்தி முள்ளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, கொக்கியின் செங்குத்தான முதுகை, முள் காட்டிய அளவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வழுக்கி விடும்படி அரத்தால் ராவிச் சரிவாக்கினாள். சொருகி இழுத்தாள். இன்னும் கொஞ்சம் ராவினாள்.

பியூலாவை மறுபடி கட்டினார்கள். அது வயரை மிதித்தது, பிளக் பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை, வேண்டுமென்றே போல, அழுத்தி மிதித்தது, அசையவில்லை. பிறகு கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ட்வைட் தொழுவத்தின் மறுகோடியில், தூக்குமேடையில் நிற்பவர் முகத்தோடு, ஒரு பிரெட்ஸலை நீட்டிக்கொண்டு நின்றார். பியூலா நடந்தது, வயர் விறைத்தது. டக். பிளக் கழன்றது, பெட்டி சுவரிலேயே இருந்தது. பியூலா பிரெட்ஸலைத் தின்றுவிட்டு அவர் கையையும் நக்கியது.

"வாங்கிக்கிறேன்," என்றாள் ரோஸெல்லா. "ஒவ்வொரு லோடுலயும் ஒண்ண இங்க கொண்டாந்து பியூலாகிட்ட காட்டணும். பிரெட்ஸல் உங்க செலவு."

ட்வைட் தலையை ஆட்டினார். வெர்னா அரத்தைத் துடைத்துப் பையில் போட்டாள். வரையும் மேஜை தப்பித்தது.

"அப்புறம் இன்னொண்ணு," ரோஸெல்லா அவளைப் பார்த்துச் சொன்னாள். "நாளைக்கு விலை பேசணும், ஃபோன் பண்ணு. நீதான் பண்ணணும். தம்பி பண்ணா எடுக்க மாட்டேன், அவரு மென்னுகிட்டே பேசறாரு."

திரும்பும் வழியெல்லாம் காரில் வெர்னா உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். "ஹலோ, நான் வெர்னா பேசறேன்... ஹலோ, வெர்னாங்க..."

"இப்பவே மூச்சு வாங்குதே," என்றார் ட்வைட்.

"பேசாம நேர்லயே போயிட்டு வந்துடவா ட்வைட்? எப்படியும் பியூலாவப் பாக்கணும்ல?"